வாசகர் கேள்வி: குவைத்துல இருக்க மகளோட வட்ஸ்அப்ல பேசுறது எப்படி?

கேள்வி: மகள் குவைத்துல வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷமாச்சு. சாதாரண கோல் எடுத்தா "சாப்பிட்டியா"ன்னு கேக்குறதுக்குள்ள போட்ட ரீலோட் முடிஞ்சிருது. மகன் அவனோட பழைய ஸ்மார்ட் போனைத் தந்திருக்கான். டவுன்ல ஒரு கடையில கேட்டா, அவங்க நம்பர்லயே வட்ஸ்அப் போட்டுத் தாறோம்னு சொல்றாங்க. போடலாமா?
- பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்துல இருந்து ஒரு தாய்

பதில்: வேணாம்மா, அப்படி மட்டும் போட விட்றாதீங்க. எந்த நம்பர்ல பதியுறோமோ அந்த நம்பர் யார்கிட்ட இருக்கோ அவங்களுக்குத்தான் அந்தக் கணக்கு, நாளைக்கு அவங்க வேற போன்ல திரும்பப் பதிஞ்சா உங்க போன்ல அது நின்னுரும். எங்க அம்மாவுக்கு இதேதான் நடந்துச்சு. தம்பி அங்கருந்து மூணு நாளா எடுத்து எடுத்துப் பார்த்திருக்கான், இங்க மணியே அடிக்கல, அம்மா பாவம் வேலை விட்டு வந்து இஸ்தோப்புல போனை மடியில வச்சிக்கிட்டு இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்தாங்க.

உங்க சிம்லயே போடுங்க, கஷ்டமே இல்ல. பிளே ஸ்டோர்ல வட்ஸ்அப் மெசஞ்சர்னு தேடி இறக்குங்க. நம்பர் கேக்கும்போது நாடு இலங்கை, +94ன்னு இருக்கணும், அதுக்குப் பிறகு உங்க நம்பரை முன்னால உள்ள சைபர் இல்லாம அடிங்க. எஸ்எம்எஸ்ல 6 இலக்கம் ஒண்ணு வரும், அதைப் போட்டா முடிஞ்சிது. அந்த 6 இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதீங்க, சொந்தக்காரங்க மாதிரி பேசினாலும் சொல்லாதீங்க, அதை வச்சுத்தான் கணக்கையே பறிக்கிறாங்க. மகளோட நம்பரை +965ன்னு தொடங்கி சேவ் பண்ணுங்க.

முக்கியமா ஒண்ணு, போன்ல வழக்கமா நம்பர் அடிக்கிற இடத்துல போய் எடுத்தா அது காசு போற கோல்தான். வட்ஸ்அப்பைத் திறந்து, மகள் பேரைத் தொட்டு, மேல இருக்க போன் படத்தை அமத்தணும். பக்கத்துல இருக்க கேமரா படம் வீடியோ கோலுக்கு. வீடியோவுல பேசும்போது போனை காதுல வைக்காம முகத்துக்கு நேரா பிடிங்க, பிள்ளை பாக்கத் துடிக்கிறது உங்க முகத்தைத்தானே.

கோல் ஃப்ரீன்னாலும் டேட்டாவுக்குக் காசுதான். குரல் மட்டும்னா நிமிஷத்துக்கு சுமாரா அரை எம்பியில இருந்து ஒரு எம்பி வரைக்கும் போகும், வீடியோன்னா அதைவிட பல மடங்கு. செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அன்ட் டேட்டாவுக்குள்ள கோலுக்கு டேட்டாவைக் குறைக்கிற ஒரு பட்டன் இருக்கு, அதைப் போட்டு வைங்க. சோஷியல் மீடியா பேக்கேஜ் எடுக்கிறதா இருந்தா கோலும் அதுல சேருமான்னு கேட்டுட்டு எடுங்க, சிலதுல மெசேஜ் மட்டும்தான்.

லயத்துக்குள்ள சிக்னல் இல்லன்னா வொய்ஸ் மெசேஜா பேசி அனுப்பிருங்க, மேட்டுப்பக்கம் ஏறி சிக்னல் கிடைச்சதும் தானா போயிரும். நமக்கு ராத்திரி எட்டுன்னா அங்க சாயந்திரம் அஞ்சரை, அவ வேலையில இருப்பா, அதனால எந்த நேரம் தோதுன்னு மகள்கிட்டயே கேட்டு வச்சிக்கிறது நல்லது. அவசரத்துக்கு பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990 எல்லாம் சாதாரண கோல்லதான் எடுக்கணும், வட்ஸ்அப்ல போகாது.

கேள்வி: அண்ணன் துபாய்ல. மெசேஜ் போகுது, ஆனா கோல் எடுத்தா கனெக்ட் ஆகமாட்டேங்குது. என் போன் பழுதா?
- தலவாக்கலை வாசகர்

பதில்: போன்ல ஒரு பழுதும் இல்ல தம்பி. ஐக்கிய அரபு அமீரகத்துல வட்ஸ்அப் கோலுக்கு அனுமதி இல்ல, மெசேஜும் வொய்ஸ் மெசேஜும் மட்டும்தான் போகும். அங்க நம்ம ஆளுங்க நிறையப் பேர் பேசுறது போட்டிம் ஆப்லதான், அதுக்கு அங்க அனுமதி இருக்கு. அண்ணன் அவரோட சிம் கொம்பனியில இன்டர்நெட் கோல் பேக்கேஜ் போட வேண்டி வரலாம், கேட்டுப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டு பேர் போன்லயும் அந்த ஆப் இருக்கணும், ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா பேச ஏலாது.