குட்டிக் குரங்கின் பார்வையை அளப்பதும் ஒரு படிப்புதான்

மருத்துவ இடம் கிடைக்கவில்லை, கடன் வாங்கியாவது பணம் கட்டிச் சேர்த்துவிடுங்கள் என்று சித்தப்பா சொல்கிறார், மகளோ குட்டிக் குரங்குகளின் பார்வையை அளக்கும் மூளை ஆராய்ச்சி என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் சித்தப்பா சொல்வது தவறு, அம்மா. அந்தக் கடனை அடைக்கப்போவது அவர் இல்லை. விருப்பமில்லாத படிப்பில் மாட்டிக்கொள்ளப்போவதும் அவர் இல்லை.

"குட்டிக் குரங்கின் தலையில் ஒயர் மாட்டுவது ஒரு வேலையா?" என்று சித்தப்பா கேட்டாராம். வேலைதான், அருமையான வேலை. குட்டியின் தலைத்தோலில் பசை தடவி மின்முனைகளை வைப்பார்கள். மண்டையைத் திறப்பதில்லை. திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நொடிக்கு 6 முறை நிறம் மாறினால், பின்மண்டையில் பதிவாகும் மூளையின் மின் அலையிலும் நொடிக்கு அதே 6 துடிப்பு தெரியும். வெறும் சில மைக்ரோவோல்ட், அதாவது வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பங்கு. குட்டி தாடையை அசைத்தாலே தசையின் மின்சாரத்தில் அது மூழ்கிவிடும். கணக்குப் போட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். கட்டங்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் துடிப்பு எங்கே மறைகிறதோ, அதை வைத்துப் பார்வைக் கூர்மையைக் கணிக்கலாம். வாய் பேசாத உயிரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இப்படியும் வழி இருக்கிறது.

இந்த ஆய்வகங்களில் வளர்க்கும் மக்காக் இனக் குரங்கின் பார்வை நம்முடையதைப் போலவே, ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வளர்கிறது. அதற்கு ஒரு வாரம், நம் குழந்தைக்கு ஒரு மாதம். ஆரம்ப நாட்களில் ஒரு கண்ணை மூடிவைத்தால் மூளை அந்தக் கண்ணைக் கைவிடத் தொடங்கும் என்று பூனைக்குட்டிகளிலும் குரங்குகளிலும் காட்டிய ஹ்யூபெல், வீசல் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூளை ஒரு கண்ணைச் சரியாகப் பயன்படுத்தாத சோம்பேறிக் கண்ணுக்குச் சின்ன வயதிலேயே சிகிச்சை தேவை என்பதற்கு வலுவான ஆதாரம் அது. அவர்கள் மின்முனையை மூளைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். தலைத்தோலில் பதிவு செய்தால் ஒரே குட்டியை வளர வளரத் திரும்பத் திரும்ப அளக்கலாம்.

இயற்பியல், உயிரியல், உளவியல் எதிலிருந்தும் இதற்குள் வரலாம். புள்ளியியலும் நிரல் எழுதுவதும் மட்டும் கட்டாயம். குரங்கு ஆய்வகங்கள் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் இதே திறமை பச்சிளங்குழந்தைகளின் பார்வைப் பரிசோதனைக்கும், மருத்துவக் கருவி நிறுவனங்களுக்கும் தேவைப்படுகிறது. உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட இடத்தை மட்டும் ஏற்கவே வேண்டாம்.

அப்புறம், கூண்டில் வளரும் விலங்கோடு தினமும் வேலை செய்ய அவள் மனம் ஒப்புமா என்று அவளிடமே கேளுங்கள். ஒப்பாவிட்டால் குழந்தைகளிடம் இதே ஆய்வைச் செய்யலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மூளை மின் அலைப் பதிவு ஒன்றை இறக்கி, அந்தத் துடிப்பை அவளே தேடட்டும். சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தால் மேற்கொண்டு பேசுவோம்.