பனியில் புது பிஎம்டபிள்யூ எம்2 கார் எடுக்கப் போவது பற்றி

எம்2 வாங்கியதற்கு வாழ்த்துகள். வெள்ளியன்று பனி பெய்யும் என்கிறார்கள், லீட்ஸில் வண்டியை எடுத்து எம்62 நெடுஞ்சாலை வழியே மான்செஸ்டருக்கு ஓட்டி வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

பின்சக்கர இயக்கத்தைவிட எனக்குப் பயம் டயர்தான். அநேகமாகக் கோடை டயரோடுதான் தருவார்கள். 7 டிகிரிக்குக் கீழே போனாலே அந்த ரப்பர் இறுக ஆரம்பிக்கும், பனியில் பிடிப்பே இருக்காது. ஒரு ஜனவரி காலை, எங்கள் தெருவின் சின்ன ஏற்றத்தில், என் பழைய பின்சக்கர வண்டியின் ஆக்சிலரேட்டரைத் தொட்டேன். வண்டியின் பின்பக்கம் மெல்ல நடைபாதையை நோக்கி நகர்ந்தது. பத்து மைல் வேகம்கூட இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி கேட்கவில்லை, வயிறு கலங்கிவிட்டது. நீங்கள் வரும் வழியோ விண்டி ஹில் அருகே 372 மீட்டர் உயரம் ஏறுகிறது.

டீலரிடம் இன்றே பேசுங்கள். இன்ஷூரன்ஸ் தொடங்கும் தேதியையும் மாற்றிவிடுங்கள்.

தள்ளிப்போடவே முடியாதா? சரி, குளிர்கால டயர் மாட்டித் தரச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் சின்னம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வண்டி வழுக்காமல் காக்கும் டிஎஸ்சியை அணைக்காதீர்கள். மேனுவல் என்றால் இரண்டாவது கியரில் கிளம்புங்கள். இறக்கத்தில் சடாரென்று கியரைக் குறைத்தால் பின்சக்கரங்கள் வழுக்கிவிடும். அப்புறம், எஞ்சின் பழகும் முதல் 1,200 மைலை நல்ல சாலையில் ஓட்டுங்கள்.