ஓடி நின்றதும் இளைப்பு: டென்ஷன்தான் காரணமா?

கேள்வி: வயது 22. ஊர் உசிலம்பட்டி பக்கம். போலீஸ் தேர்வுக்காகத் தினமும் விடிகாலையில் 1500 மீட்டர் ஓடிப் பழகுகிறேன். ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. முடித்து உட்கார்ந்த சில நிமிடங்களில் நெஞ்சு இறுகி, இருமலும் விசில் சத்தமும் வருகின்றன. முக்கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. மார்கழியில் தொல்லை அதிகம். "டென்ஷன்ல ஹார்மோன் ஏறுது, அதான்" என்கிறார் கோச். கூட ஓடும் நண்பன் படபடப்புக்கு ஒரு மாத்திரை போடுகிறான். நானும் போடலாமா?

பதில்: தம்பி, முதலில் மாத்திரை விஷயம். அதைத் தொடாதீர்கள். படபடப்புக்கும் கைநடுக்கத்துக்கும் பலர் கடையில் வாங்கிப் போடுவது பெரும்பாலும் புரொப்ரனலால் என்ற மருந்து. உங்களுக்கு இருப்பது ஓட்டத்தால் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர் போட்டால் மூச்சுக்குழாய் மோசமாகச் சுருங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். ஏன் என்று பார்த்தால் கோச் சொன்னதற்கும் விடை கிடைத்துவிடும்.

ஓடத் தொடங்கியதும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் கூடுதலாகச் சுரக்கிறது. மூச்சுக்குழாய்த் தசையில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்களான பீட்டா-2 ஏற்பிகளில் அது ஒட்டிக்கொண்டு தசையைத் தளர்த்த, குழாய் விரிகிறது. டென்ஷனில் ஏறுகிற அதே ஹார்மோன்தான் இது. ஓடும்போது உங்களுக்கு உதவிதான் செய்கிறது. புரொப்ரனலால் அந்த ஏற்பிகளையே அடைத்துவிடும்.

இளைப்பு கிளம்பும் இடம் வேறு. வேகமாக ஓடும்போது வாய் வழியாக நிறையக் காற்றை இழுக்கிறோம். அதைச் சூடாக்கி ஈரமாக்குவதில் மூச்சுக்குழாயின் உட்பரப்பு காய்ந்துபோகிறது. அங்கே உப்பின் செறிவு கூடியதும், அங்குள்ள மாஸ்ட் செல்கள் என்ற தற்காப்புச் செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற ரசாயனங்களைக் கக்குகின்றன. குழாயைச் சுருக்குபவை இவைதான். குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு என்பதால் மார்கழியில் தொல்லை கூடுகிறது. மைதானத்துப் புழுதியும் சேர்ந்துகொள்ளும்.

ஓடும் வரை அட்ரினலினும் ஆழ்ந்த மூச்சும் குழாயை விரித்துப் பிடிக்கின்றன. நின்றால் சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் அட்ரினலின் இறங்கிவிடும். சுருக்கும் பொருட்கள் அங்கேயே இருக்கும். உட்கார்ந்தபின் நெஞ்சு இறுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். பொதுவாக 5 முதல் 15 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், 30 முதல் 60 நிமிடத்தில் அடங்கும். 5 முதல் 8 நிமிடம் விடாமல் மூச்சு வாங்க ஓடினால்தான் பெரும்பாலும் இது வரும். உங்கள் தேர்வின் கணக்கும் அதுதானே: 1500 மீட்டர், 7 நிமிடம்.

கோச் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. கார்டிசால் என்ற இன்னொரு டென்ஷன் ஹார்மோன் மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை அடக்கும். ஆனால் அது வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, வேலை கிடைக்குமா என்ற கவலையிலேயே இருந்தால் உடல் கார்டிசாலின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அப்போது ஆஸ்துமா கூடலாம்.

சரி, என்ன செய்வது? ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனையை ஓடுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டும். முதல் நொடியில் ஊதும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் பெரும்பாலும் நோய் உறுதி. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டுங்கள். ஓடும்போதே தொண்டை இறுகி, மூச்சை உள்ளே இழுக்கத்தான் கஷ்டம் என்றால் அது குரல்நாண் கோளாறாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உறுதியானால், ஓட்டத்துக்கு 15 நிமிடம் முன்பு சால்பியூட்டமால் இன்ஹேலர் பொதுவாக 2 பஃப் எடுக்கச் சொல்வார்கள். அட்ரினலின் ஒட்டும் அதே பீட்டா-2 ஏற்பியில் ஒட்டும் மருந்து அது. தினமும் அது மட்டுமே போதும் என்று விட்டுவிடாதீர்கள். வீக்கம் உள்ளே அப்படியே இருக்கும். அதற்குக் கார்டிசால் வகை மருந்துள்ள இன்ஹேலர் தேவைப்படும். "இன்ஹேலர் பழக்கமாயிடும்" என்று வீட்டில் பயப்படுவார்கள். அது போதைப் பழக்கம் அல்ல என்று தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம், வந்ததும் முழு வேகத்தில் ஓடாதீர்கள். 10, 15 நிமிடம் சிறுசிறு ஓட்டமாக, இடையில் நடந்து உடம்பைச் சூடேற்றுங்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு, அதன்பின் ஓரிரு மணி நேரம் இளைப்பு குறைவாகவே வரும். குளிர் நாட்களில் மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக்கொள்ளலாம். முடித்ததும் உட்காராமல் மெல்ல நடங்கள்.

சோதனை முடியும் வரை தனியாக ஓடப் போக வேண்டாம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவு இளைத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லி நண்பர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள்.