சீனாவும் கடலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொலம்பஸுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹே பெருங்கப்பல்களோடு ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறார். பிறகு ஏன் சீனா ஐரோப்பியர் போலக் கடல்கடந்து நாடு பிடிக்கவில்லை? சீனர்களுக்கு இயல்பிலேயே அந்த ஆசை கிடையாது என்கிறார் நண்பர். சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. 1683-ல் தைவானையும், 1750களில் ஜுங்கார்கள் என்ற மேற்கு மங்கோலியரை அழித்து இன்றைய சின்ஜியாங்கையும் பிடித்தது, மிங் மரபுக்குப் பின் சீனாவை ஆண்ட சிங் அரசு. ஆசைக்குக் குறைவில்லை.

ஜெங் ஹே எதற்கு வந்தார் என்பதற்கு ஒரு கல் சாட்சி. 1911-ல் இலங்கையின் காலி நகரில், மதகு மூடியாகக் குப்புறக் கிடந்த, அவர் பயணத்தின் கல்வெட்டு. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409-ஆம் ஆண்டுத் தேதியோடு மூன்று மொழிகள்: சீனத்தில் புத்தரை வணங்குகிறது, தமிழில் தென்னிலங்கைக் கோயில் தெய்வமான தேனவரை நாயனாரை, பாரசீகத்தில் அல்லாவை. ஒவ்வொன்றிலும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல். அன்று சீனாவை ஆண்ட மிங் பேரரசருக்கு வேண்டியிருந்தது, தன்னை எல்லோரும் பெரியவனாக ஒப்புக்கொள்வது. எதிர்த்தவர்களை விடவில்லை, இலங்கை ஆட்சியாளன் அழகேசுவரனைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். ஆனால் பேரரசர் அவனை விடுவித்தார். இலங்கையில் சீனக் கோட்டை எழவில்லை.

1433-உடன் அந்தப் பயணங்கள் முடிந்தன. அரசின் வருமானம் நிலவரியில். பயம் வடக்கே மங்கோலியரிடம். 1449-ல் பேரரசரையே அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடலுக்குச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சீன மக்கள் போனார்கள். தென்கிழக்குச் சீனாவின் ஃபுஜியன் வணிகர்கள் மணிலாவிலும், டச்சுக்காரர் ஆண்ட பத்தாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) கடை வைத்தார்கள். 1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதன் அரசு கொடுத்த சாசனத்தில் படை வைக்கவும் கோட்டை கட்டவும் உரிமை இருந்தது. ஃபுஜியன் வணிகருக்கு அப்படி ஒரு தாள் கிடைக்கவில்லை. ஊரில் அவர் பெரும்பாலும், கடல்கடந்து போகக்கூடாது என்ற அரசுத் தடையை மீறியவர். 1740-ல் பத்தாவியாவில் சீனர்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெய்ஜிங்கிலிருந்து ஒரு போர்க்கப்பலும் வரவில்லை. முன்னோர் கல்லறைகளை விட்டுப் போனவர்கள் என்பதே அரசவையின் எண்ணம். இதை வாசிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

வெளிநாடு போய்த் திரும்புவோர் மீதான பழைய தடையைச் சிங் அரசு முறைப்படி நீக்கியது 1893-ல். அதற்குள் மலாயாவில் பேராக்கின் ஈயச் சுரங்கங்களில் சீனர்கள் பிரிட்டிஷ் கொடியின் கீழ் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.