வடசென்னைக்குச் சுற்றுக் கண்காட்சி வரவழைக்க: கேள்வி பதில்

ஓர் அருங்காட்சியகமோ கலை அமைப்போ தயாரித்து, பெட்டியில் கட்டி, ஊர் ஊராக வாடகைக்கு அனுப்பும் ஓவிய, புகைப்படக் கண்காட்சிகளை நம் பக்கம் நடத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. கண்காட்சி அமைப்பு வேலை தெரிந்த ஒருவர் பதில் சொல்கிறார்.

ராயபுரம், நூலகம்: அக்கா, எங்க மாடி ஹால் 40க்கு 25 அடி. 30 படம் இருக்கிற ஒரு ஷோ பார்த்து வெச்சிருக்கோம். இடம் பத்துமா?

படங்களை எண்ணாதீர்கள், சுவரை ரன்னிங் அடியில், அதாவது நீளவாக்கில் மட்டும், அளந்து பாருங்கள். சட்டத்தோடு ஒரு படம் சராசரி 60 செ.மீ., இடைவெளி 40 செ.மீ. என்று வைத்தால் 30 படத்துக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 98 அடி வேண்டும். உங்கள் ஹாலின் சுற்றளவு 130 அடி. கதவு, ஜன்னல், பீரோ, சுவிட்ச் போர்டு போக 85 அடி மிஞ்சினால் பெரிது. குறைகிற 13 அடிக்கு, எட்டுக்கு நாலு பிளைவுட் இரண்டை நிற்க வைத்து இணைத்து ஒரு தடுப்பு போடுங்கள். இரு பக்கமும் மாட்டினால் 16 அடி கிடைக்கும். தடுப்பின் கால் அகலமாக இருக்கட்டும், பிள்ளைகள் கட்டாயம் சாய்வார்கள்.

சுவரைவிட முக்கியம் படிக்கட்டு. மாடிப்படி திரும்புகிற இடத்தின் அகலத்தை அளந்து, மிகப் பெரிய பெட்டியின் அளவை முதலிலேயே எழுதிக் கேளுங்கள். பெட்டி ஏறாவிட்டால் படத்தைக் கீழேயே பிரித்துத் தூக்கிப் போக வேண்டிவரும். பெரும்பாலும் சேதம் அங்கேதான் நடக்கிறது.

அதே நூலகம்: கட்டடம் ரொம்பப் பழசு. ஆணி அடிச்சா காரை உதிருது.

சுண்ணாம்புக் காரையில் பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, சில நாளில் தளரும். காரையை நம்பாமல் செங்கல்வரை துளைத்து, மேலே ஒரு மரச்சட்டத்தைக் கிடையாகப் பல இடங்களில் ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். படங்கள் அந்தச் சட்டத்தில் தொங்கட்டும். ஒற்றைக் கம்பியில் மாட்ட வேண்டாம், படம் கோணும். படத்தின் பின்புறம் இரண்டு டி-ரிங் (D வடிவ வளையம்), சட்டத்தில் இரண்டு கொக்கி. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வந்தால் சரி.

சுவர் அடியில் உப்புப் பூத்திருந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். பெயின்ட் அடித்து மறைத்தாலும் ஈரம் உள்ளேயே இருக்கும்.

திருவொற்றியூர், பண்பாட்டு மன்றம்: ஈரப்பதம் 45–55 சதவீதம், வெப்பம் 20–24 டிகிரின்னு ஒப்பந்தத்தில் கேக்குறாங்க. கடலோரத்துல அது நடக்குமா மேடம்?

இந்தத் தலைப்பில் எல்லாருக்கும் சிக்கல் வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சென்னையில் வெளிக்காற்றின் ஈரப்பதம் பல மாதங்களில் 70க்கு மேல்தான். 65–70ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் காகிதத்திலும் சட்டத்தின் பின் அட்டையிலும் பூஞ்சை பிடிக்கும். ஆனால் உயர்ந்த எண்ணைவிட ஆட்டம் மோசம். பகலில் ஏசி போட்டு 50க்கு இறக்கி, இரவில் மின்கட்டணத்துக்குப் பயந்து அணைத்தால் காலையில் மறுபடி 75. தினமும் காகிதம் விரிந்து சுருங்கும், நெளியும்; வண்ணப்படலம் விரிசல் விடும். நிலையான 60, ஊஞ்சலாடும் 50ஐவிட நல்லது. இதை வெளிப்படையாகச் சொல்லி 'எங்களால் 55–60இல் நிலையாக வைக்க முடியும்' என்று எழுதுங்கள். புகைப்படப் பிரதிகளுக்குப் பல அமைப்புகள் ஒத்துக்கொள்ளும், மூல ஓவியங்களுக்குப் பெரும்பாலும் மாட்டார்கள்.

பேச்சுக்கு முன் கையில் பதிவு இருக்கட்டும். ஈரப்பதத்தை அளந்து பதிவு வைக்கும், நினைவகத்தோடு வரும் ஹைக்ரோமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றை ஹாலின் நடுவிலும் ஒன்றை கடல் பார்த்த சுவரிலும் வையுங்கள். ஒரு மாதப் பதிவை அனுப்பினால் வாய்ப்பேச்சைவிட மதிப்பு அதிகம். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வைத்தால் ஜன்னல் மூடியிருக்க வேண்டும், தொட்டித் தண்ணீரை இரவிலும் ஒருவர் கொட்ட வேண்டும், அல்லது வடிகுழாய் வேண்டும். ஸ்பிளிட் ஏசியின் உள்பெட்டிக்கு நேர் கீழே எதையும் மாட்டாதீர்கள், எப்போதாவது சொட்டும்.

பெட்டி வந்ததும் ஆர்வத்தில் திறக்க வேண்டாம். 24 மணி நேரம் அதே ஹாலில் மூடியே இருக்கட்டும். ஏசி கிடங்கிலிருந்து வந்த குளிர்ந்த கண்ணாடி, நம் ஊர்க் காற்றைத் தொட்டால் வியர்க்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை: வெளிச்சம் எவ்வளவு?

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். காகிதம், நீர்வண்ணம், துணிக்கு 50 லக்ஸ். எண்ணெய் ஓவியத்துக்கு 200. ஒளிச் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. 50 லக்ஸில் எட்டு மணி நேரம், 60 நாள் என்றால் 24,000 லக்ஸ் மணி. அதையே 500 லக்ஸில் வைத்தால் 2,40,000, அதாவது பத்து கண்காட்சிகளின் சேதம் ஒரே முறையில். மேற்கு ஜன்னலை மூடுங்கள்.

வியாசர்பாடி, மாலை நேரப் படிப்பு மையம்: ஏசி இல்ல, செக்யூரிட்டி இல்ல, ஹாலும் மூணு நாளைக்குத்தான் கிடைக்கும். விட்டுடலாமா?

விட வேண்டாம். மூலப் படங்களைத்தான் விட வேண்டும். சில அமைப்புகள் படங்களின் கணினிக் கோப்புகளை மட்டும் அனுப்பும். நீங்கள் உள்ளூரில் 5 மி.மீ. சன்போர்டில் (லேசான நுரைப் பலகை) அச்சிட்டு வைக்கலாம். முடிந்ததும் பலகைகளை அழித்ததற்குச் சான்று கேட்பார்கள், அழிப்பதைப் புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். முதல் பலகையை மட்டும் அச்சிட்டு நிறத்துக்கு ஒப்புதல் வாங்கிய பிறகு மற்றதைப் போடுங்கள். ஏசி இல்லாத ஹாலுக்கு என் முதல் யோசனை இதுதான்.

பெரம்பூர்: கட்டணம் ஒண்ணு சொல்றாங்க. கடைசியில் எவ்வளவு ஆகும்?

அந்தக் கட்டணத்தில் படைப்புகள், ஆங்கில விளக்கக் குறிப்பு, விளம்பரப் படங்கள் அடங்கும். போக்குவரத்து, காப்பீடு, விளக்கு, சுவர், இரவுக் காவல், சுமைக்கூலி எல்லாம் வழக்கமாக உங்கள் தலையில். அவர்கள் ஆள் ஒருவர் பிரிக்கவும் கட்டவும் கூட வந்தால் பயணம், தங்கல், சாப்பாட்டுப் படியும் உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ் விளக்க அட்டைக்கு அவர்கள் ஒப்புதல் வேண்டும், மூன்று வாரமாவது ஒதுக்குங்கள்.

காப்பீடு 'ஆணியிலிருந்து ஆணிவரை', அதாவது அங்கே கழற்றியது முதல் திரும்ப மாட்டும்வரை இருக்க வேண்டும். மெதுவாகப் பிடிக்கும் பூஞ்சையை வழக்கமாகக் காப்பீடு ஏற்காது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை தேதி கொடுத்தாலே வேண்டாம் என்று சொல்லுங்கள். 2015, 2023 டிசம்பர்களில் நம் தெருக்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்கே தெரியும்.

காசிமேடு: நம்ம பழைய படகுப் படங்க, மரச்சாமான் எல்லாம் சேர்த்து வெச்சா நல்லா இருக்குமே?

நல்லாவே இருக்கும், ஆனால் கண்காட்சியை அனுப்புகிறவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், தனி அறையில் வையுங்கள். மரத்தில் துளையும் அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், உள்ளே விட வேண்டாம். கொடுப்பவர்களுக்குப் பொருளின் படத்தோடு ரசீது கொடுங்கள்.

இன்னொரு கேள்வி: வெளிநாட்டு ஷோ எடுத்தா கஸ்டம்ஸ் தொல்லை இருக்குமா?

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக அமைப்பு 1952 முதல் சுற்றுக் கண்காட்சிப் பிரிவு நடத்துகிறது, ஜெர்மனியின் ஈஃபா என்ற பண்பாட்டு அமைப்பும் அனுப்புகிறது. மூலப் படைப்புகள் ஏடிஏ கார்னெட்டில் (தற்காலிகமாகக் கொண்டுவரும் பொருளுக்கான சுங்க ஆவணம்) வரிகட்டாமல் வந்து போகலாம். ஆனால் சுங்கம் எழுதித் தரும் திரும்பும் தேதியைத் தாண்டக் கூடாது, ஒன்றைக்கூட விற்கவும் கூடாது.

கடைசியாகப் பெட்டிகள் பற்றி: காலிப் பெட்டிகளை மொட்டை மாடியில் போடாதீர்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுங்கள், ஸ்க்ரூக்களை எண் எழுதிய கவரில் வையுங்கள். வெளிநாட்டுப் பெட்டியின் மரத்தில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். பூச்சி இல்லாமல் பதப்படுத்திய மரம் என்பதற்கு அடையாளம் அது. ஒரு பலகை உடைந்தால் பக்கத்துத் தச்சரிடம் சாதா மரம் போட்டு மாற்ற வேண்டாம், அடுத்த நாட்டுத் துறைமுகத்தில் பெட்டி நின்றுவிடும்.