மனிதக் கடத்தலைத் தடுக்க அக்கம்பக்கத்து மக்களால் என்ன செய்ய முடியும்? மீட்கப்பட்டவர்களுக்கு எப்படி உதவுவது?

மும்பையில் இருந்து எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் சொல்கிறேன். கடத்தல் என்றதும் இந்த ஊரில் எல்லோருக்கும் பாலியல் தொழில் நடக்கும் காமாத்திபுராதான் ஞாபகம் வரும், சினிமாவில் வருவதுபோல வாயைப் பொத்தி வேனில் தூக்கிப் போடுவதும் ஞாபகம் வரும். நம்ம தமிழ்ப் பையன்கள் விஷயத்தில் நான் பார்த்தது வேறு. உசிலம்பட்டி, தேனி பக்கத்துப் பிள்ளைகளை முறுக்குக் கம்பெனி வேலை என்று சொல்லி வடக்கே கூட்டிவருவது. ஏஜென்ட் ஊர்க்காரராகவே இருப்பார், பல சமயம் ஒன்றுவிட்ட சித்தப்பா, மாமா யாராவது. அப்பா கையில் ஒரு அட்வான்ஸ், பையனுக்கு ரயில் டிக்கெட், அவ்வளவுதான். விடியற்காலை மாவு பிசைவதில் ஆரம்பித்து ராத்திரி பாக்கெட் ஒட்டுவது வரைக்கும் வேலை, படுக்கையும் அதே கூடத்தில். யாரும் கட்டிப்போடவில்லை, ஆனாலும் போக முடியாது.

ஏன் என்று புரிய முதலாளி வைத்திருக்கும் கணக்கு நோட்டைப் பார்க்க வேண்டும், ஒன்றைப் பார்த்திருக்கிறேன். முதல் வரியில் அட்வான்ஸ். அதற்குக் கீழே, அவன் வந்த ரயில் டிக்கெட் காசு, சோப்பு, செருப்பு, காய்ச்சல் மாத்திரை. எண்ணெய் தெறித்துக் கை வெந்ததற்கு வாங்கிய களிம்புகூட அந்தப் பையன் பெயரில்தான் பற்று. வரவுப் பக்கம் பாதிக்கு மேல் காலி.

1976லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இந்த மாதிரிக் கடனை எல்லாம் ரத்து செய்துவிட்டது, அந்த நோட்டில் இருப்பதில் ஒரு பைசா யாரும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஏமாற்றியோ ஆசை காட்டியோ சுரண்டுவதற்காக ஆள் கொண்டுவருவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 143ஆம் பிரிவின்படி கடத்தல், "அவனே சம்மதிச்சுத்தான் சார் வந்தான்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. இது ஊரில் இருக்கும் பெற்றவர்களுக்குத் தெரிவதில்லை, வாங்கிய காசுக்குப் பயந்தே வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் தடுப்பு வேலை என்றால் என்னைப் பொறுத்தவரை மெழுகுவத்தி ஊர்வலம் இல்லை, கோடை விடுமுறைக்கு முன்னால் ஊரில் உள்ள உங்கள் சொந்தபந்தங்களுக்கு போன் போட்டு இதைச் சொல்வதுதான்.

இங்கே உங்கள் தெருவில் சந்தேகமாக ஏதாவது பட்டால் (பையன் கையில் போன் இல்லை, பொங்கலுக்கும் ஊருக்குப் போகவில்லை, பேச்சுக் கொடுத்தால் முதலாளியைத் திரும்பிப் பார்க்கிறான்) நீங்களே போய்ச் சண்டை போடாதீர்கள். முதலாளி மோப்பம் பிடித்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவான். சிறுவர்கள் என்றால் 1098, பெரியவர்கள் என்றால் 112. எந்தக் கட்டடம், எந்த மாடி, எத்தனை பேர், எப்போது உள்ளே இருப்பார்கள் என்பதைத் தெளிவாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் யாரும் பேசாதது. மீட்ட பையன் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் உட்கார்ந்திருப்பான், சுற்றிலும் மராத்தியும் இந்தியும். வயசு கேட்டால் சொல்லிக்கொடுத்தபடி "பதினெட்டு" என்பான், மீசைகூட முளைத்திருக்காது. சிறார் நீதிச் சட்டப்படி வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிக்கூடப் பதிவுதான், எலும்புப் பரிசோதனையெல்லாம் கடைசியில். ஆக, அந்த நேரத்தில் தேவைப்படுவது வக்கீல்கூட இல்லை, அவனிடம் ஊர்ப்பேச்சில் பேசி, எந்தப் பள்ளிக்கூடம், எந்த டீச்சர் என்று கேட்டு, தலைமையாசிரியரின் நம்பரைத் தேடிப் பிடிக்கிற ஒருவர். மும்பைத் தமிழர்கள் சுலபமாகச் செய்யக்கூடியது இது, ஆனால் ஆள் கிடைப்பதில்லை.

அப்புறம் விடுதலைச் சான்றிதழ், அதாவது கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்டவர் என்பதற்கான அரசாங்கச் சான்று. இது கையில் வராமல் ஊருக்கு ரயில் ஏறினால் பெரிய சிக்கல். 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்கள், குழந்தைகளுக்கு 2 லட்சம், மிக மோசமான கொடுமை என்றால் 3 லட்சம் என்று இருக்கிறது, ஆனால் பெரும்பகுதியை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், அதனால் வழக்கு இழுக்க இழுக்க அதுவும் இழுக்கும். சாட்சி சொல்ல அங்கிருந்து இங்கே வர வேண்டுமே என்று பலர் கைவிட்டுவிடுவார்கள். கடத்தப்பட்டு வேறு மாநிலத்தில் மீட்கப்பட்ட குழந்தைகள் சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்தே வீடியோவில் சாட்சி சொல்ல 2022ல் உச்ச நீதிமன்றம் வழி செய்திருக்கிறது, அந்தக் குடும்பத்திடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ரயில் ஏற்றி அனுப்பிவிட்டால் மறுவாழ்வு முடிந்தது என்று நினைப்பது புதிதில்லை. 1990ல் மும்பையில் பாலியல் தொழிலில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை "முக்தி எக்ஸ்பிரஸ்" என்று பெயர் வைத்து சென்னைக்கு அனுப்பினார்கள். பெயரில் முக்தி, போய்ச் சேர்ந்ததோ காப்பகங்களிலும் எச்ஐவி சோதனையிலும். 1996ல் இதே மும்பையில் மீட்கப்பட்ட நேபாளப் பெண்கள் சிலர் வேறு வழி பார்த்தார்கள், ஊர் திரும்பி "சக்தி சமூஹா" என்று தங்களுக்கென ஒரு அமைப்பே தொடங்கினார்கள், 2013ல் அதற்கு மகசேசே விருது கிடைத்தது.

சரி, உடனே செய்யக்கூடியது ஒன்று. தமிழோடு இந்தியோ மராத்தியோ ஒழுங்காகப் பேசுவீர்கள் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் பெயர் கொடுங்கள். போக்சோ விதிகள்படி அவர்கள் அப்படி ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். கூப்பிடுவது பெரும்பாலும் வேலை நாளில்தான் இருக்கும், ஆபீசில் லீவு கேட்கத் தயாராக இருங்கள். அங்கே போய்ப் பிள்ளைகளோடு செல்ஃபி மட்டும் எடுக்காதீர்கள், முகத்தை வெளியில் காட்டுவது சட்டப்படி குற்றம்.