தொழில் கேள்வி – பதில்: தோட்டமும் பட்டறையும் காட்ட வேண்டிய கணக்கு

கேள்வி: ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டத்துக்காக என் மூன்று ஏக்கர் காபித் தோட்டத்தின் இருப்பிடப் புள்ளியை வியாபாரி கேட்கிறார். கொடுக்கலாமா?
– காபி விவசாயி, நாகலூர், ஏற்காடு

பதில்: தயங்காமல் கொடுங்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்துக் காபியை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கக் கூடாது என்பதே அந்தச் சட்டம். இப்போதைய நிலவரப்படி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 முதலும், சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30 முதலும் அமலாகும். பொறுப்பு அங்குள்ள இறக்குமதியாளருடையது. அவர் ஏற்றுமதியாளரைக் கேட்க, அவர் காபியின் ஓட்டை நீக்கித் தரம் பிரிக்கும் க்யூரிங் ஆலையைக் கேட்க, கடைசியில் உங்கள் வாசலுக்கு வருகிறது. இந்தியா ‘குறைந்த அபாய’ நாடு என்பதால் மற்ற சோதனைகள் எளிதாகும். இருப்பிட விவரத்துக்கு விலக்கு இல்லை.

4 ஹெக்டேர் வரை, அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கர் வரை, ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் என்றால் எல்லை முழுவதையும் நடந்து பதிய வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் தேவை. சில்வர் ஓக் நிழல் மரங்களின் அடியில் போனின் ஜிபிஎஸ் தள்ளிக் காட்டும். உங்கள் எல்லைக்குள்ளேயே வானம் தெரியும் இடத்தில் ஓரிரு நிமிடம் நின்று பதியுங்கள். முதல் எண் (அட்சரேகை) 11-லும் அடுத்தது (தீர்க்கரேகை) 78-லும் தொடங்க வேண்டும். மாற்றி எழுதினால் உங்கள் தோட்டம் ஆர்க்டிக் பகுதிக்குப் போய்விடும்!

நிழல் மரங்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மரநிழலில் காபி வளரும் தோட்டத்தைச் சட்டம் காடாகக் கருதுவதில்லை. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் அது காடாகத்தான் தெரியும். நிழல் கழித்தாலோ ஓக் வெட்டினாலோ ‘காடு குறைந்தது’ என்று சந்தேகம் எழலாம். பட்டா, காபி வாரியப் பதிவு, 2020-க்கு முந்தைய விற்பனை ரசீதுகள், மரம் வெட்ட வாங்கிய அனுமதி, தேதியோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

இருப்பிடம் தெரியாத காபி கலந்தால் ஒன்றாக அனுப்பும் முழுச் சரக்கும் வீண். பார்ச்மென்ட் (ஓடு நீக்காமல் காயவைத்த காபி) மூட்டைகளில் சர்வே எண்ணையும் பறித்த தேதியையும் எழுதுங்கள். எடைச்சீட்டிலும் அதே எண் வர வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக் காபியை உதவியாகக்கூட உங்கள் பெயரில் போடாதீர்கள்.

கேள்வி: வெள்ளி விலை ஏறி இறங்குகிறது. கொலுசு ஆர்டரை எப்படி ஒப்புக்கொள்வது?
– பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: வெள்ளியும் கூலியும் சேர்த்து ஒரே விலை சொல்லாதீர்கள். கூலியையும் சேதாரத்தையும் கிலோவுக்கு இவ்வளவு என்று தனியாக எழுதுங்கள். வெள்ளியை வாடிக்கையாளரிடமே எடைக்கு எடையாக வாங்குங்கள். முடியாவிட்டால் முன்பணம் வந்த அன்றே ஆர்டர் எடைக்கு வெள்ளி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: போல்ட் ஏற்றுமதி செய்கிறோம். ஜெர்மனி வாடிக்கையாளர் கார்பன் கணக்குக் கேட்கிறார். எங்கே தொடங்குவது?
– சிறுதொழில் முனைவர், சேலம்

பதில்: 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய எல்லைக் கார்பன் வரி முழுமையாக அமலில் இருக்கிறது; போல்ட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் வாடிக்கையாளர் எல்லா நாடுகளிலிருந்தும் வாங்கும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் சேர்ந்து ஆண்டுக்கு 50 டன்னைத் தாண்டாவிட்டால் விலக்கு உண்டு. முதலில் இதை அவரிடம் கேளுங்கள்.

தாண்டினால், கார்பனில் பெரும்பங்கு நீங்கள் வாங்கும் கம்பியில்தான் இருக்கிறது. பட்டறை உலையை மட்டும் எழுதி அனுப்புவதுதான் பலர் செய்யும் பிழை. கம்பி ஆலையிடம் ஒரு டன்னுக்கான உமிழ்வு எண்ணை எழுத்தில் வாங்கி, ஹீட் எண்ணோடு (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) சோதனைச் சான்றிதழைக் கோத்து வையுங்கள். ஒரு டன் போல்ட்டுக்கு 1.08 டன் கம்பி செலவானால் ஆலை எண்ணை 1.08 ஆல் பெருக்குங்கள். உலை டீசலுக்கு லிட்டருக்கு 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆண்டுக்கு 6,000 லிட்டர், 100 டன் போல்ட் என்றால் டன்னுக்கு 0.16 டன்; இதைக் கம்பிக் கணக்கோடு கூட்டுங்கள். இரும்புப் பொருளுக்கு மின்சாரம் இப்போதைக்குக் கணக்கில் வராது. ஆகவே ஜெனரேட்டர் டீசலை உலை டீசலோடு சேர்க்காமல் தனிப் பதிவேட்டில் எழுதுங்கள். அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் இந்தக் கணக்கைப் பில்லோடு ஒத்துப் பார்ப்பார். ஒத்துவராவிட்டால் ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக நிர்ணயித்த இயல்பு மதிப்பை வைத்தே வரி போடுவார்கள். அது உங்கள் உண்மை எண்ணைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம்.